விண்டோஸ் 11 போட்ட பிறகு சிஸ்டம் ஸ்லோ: மலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி ஜெராக்ஸ்:

பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஓடுகிற கடை டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததால் 11-க்கு மாற்றினேன். 4 ஜிபி ரேம், எட்டாம் தலைமுறை இன்டெல் இரண்டுமே மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சத் தகுதிதான். தகுதி இருந்தது, வேகம்தான் இல்லை. ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் வந்தவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஃபார்மட் பண்ணச் சொன்னார்கள். நம் ஊரில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் மருந்து. நான் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு சும்மா கிடந்தது. மெமரி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நின்றது.

புது விண்டோஸ் ஏறியவுடன் உள்ளே நிறைய வேலை ஓடும். ஃபைல்களைத் தேட வசதியாக இன்டெக்ஸ் போடும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், விட்டுப்போன அப்டேட்டுகளை இறக்கும். சமவெளியில் ராத்திரி ஆன் செய்து விட்டுவிட்டால் ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது மரம் லைன் மேல் சாயும், கரன்ட் போகும். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது நாமும் மெயினை அணைத்துவிடுவோம். பெரும்பாலும் ஆள் கை வைக்காத நேரத்தில் நடக்க வேண்டிய வேலை இது. அந்த நேரமே கிடைக்காவிட்டால் பாதியில் நின்று நின்று வாரக்கணக்கில் இழுக்கும். எனக்கு நடந்தது அதுதான். யுபிஎஸ்ஸில் போட்டு, ஸ்லீப்பை நிறுத்தி, விடிய விடிய ஓட விட்டதும் பாதித் தொல்லை போனது.

மீதிப் பாதி ஹார்ட் டிஸ்க். பெரிய சினிமா ஃபைலை ஒரே சீராகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். ஆனால் விண்டோஸ் கேட்பதெல்லாம் அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டு ஃபைல்கள். அங்கே 1, 2 எம்பி வருவதே அபூர்வம், ஏனென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே இருக்கும் முள் நகர வேண்டும். ரேம் போதாதபோது விண்டோஸ் அந்தப் பாரத்தையும் டிஸ்க் தலையிலேயே வைக்கும். முள்ளே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அப்படியே அதில் நகல் எடுத்து (க்ளோன்), இன்னொரு 4 ஜிபி ரேமும் சொருகினேன். ஃபார்மட் பண்ணவே இல்லை, கணக்கு எழுதும் டேலி, பிரின்டர் எல்லாம் போட்டது போட்டபடி வேலை செய்கிறது.

தலைக்குந்தா வாத்தியார்:

தம்பி, க்ளோன் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க்கின் உடம்பு எப்படி என்று பார்க்க வேண்டும்.

என் சிஸ்டமும் அப்கிரேடுக்குப் பிறகு உறைய ஆரம்பித்தது. மவுஸ் அப்படியே நிற்கும், பிறகு தானாக விழித்துக்கொள்ளும். காலையில் ரொம்ப மோசம், மதிய வெயில் வந்தால் கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் பக்கம் உறைபனி எப்படி விழும் என்று ஊட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியற்காலை ரூமுக்குள்ளேயே விரல் விறைக்கும். பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 5 டிகிரிக்குக் கீழே ஓட்டாதே என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். குளிர்தான் காரணம் என்று ஹீட்டரைக்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. உள்ளே பழுதான செக்டர்கள், அதாவது தகவல் பதியும் சின்னச் சின்ன இடங்கள். அதுவரை தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. தினமும் நாம் தொடுவது டிஸ்க்கின் ஒரு மூலையைத்தான். அப்கிரேடு பல ஜிபி எழுதும், பழைய விண்டோஸை ஒரு ஃபோல்டரில் மூட்டை கட்டி வைக்கும், பிறகு ஸ்கேன் என்று மூலை முடுக்கெல்லாம் போகும். பழுதான இடத்தில் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் மவுஸ் நிற்கிறது. மஞ்சளைப் பார்த்தால் பேரன் பேத்தி போட்டோக்களை முதலில் வெளியே எடுங்கள். மற்ற பரிசோதனை எல்லாம் அப்புறம்.

கூடலூர் தம்பி:

என்னுடையது சின்னக் கதை. ஸ்க்ரோல் செய்தால் வெட்டி வெட்டி வரும், யூடியூப் திக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், மெமரி இரண்டும் சரி. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்தால் இன்டெல் பெயரையே காணோம், "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தது. அப்கிரேடில் திரையை ஓட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் கழன்றுவிட்டது. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டேன், முடிந்தது.

பூம்பாறை ஹோம்ஸ்டே:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து சீசனில் பாதி விருந்தாளிகளுக்கு நாங்களே பதிவு செய்து அனுப்புகிறோம், லேப்டாப் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. அது திடீரென்று அப்படி ஒரு ஸ்லோ. எழுத்து அடித்தால் அரை நிமிஷம் கழித்துத் திரையில் வரும். அந்த வாரம்தான் 11 போட்டிருந்தோம். தெரிந்த ஒருவர் மதர்போர்டு போச்சு, வத்தலக்குண்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார்.

தங்க வந்த ஒரு பையன் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அக்கா, இது 0.78 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே மாட்டேங்குது, சார்ஜர் மாத்தினீங்களா?" என்று கேட்டான். மாற்றித்தான் இருந்தோம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பழையது போய், கைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கிச் சொருகியிருந்தோம். சில லேப்டாப்கள் சார்ஜர் எத்தனை வாட் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். பதில் வராவிட்டால் சிபியுவைக் குறைந்த வேகத்திலேயே கட்டிப் போட்டுவிடுமாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் காட்டினான், பறந்தது. சரியான வாட் சார்ஜர் வந்தது, இன்று வரை தொந்தரவு இல்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

கூடலூர் தம்பி:

கோத்தகிரி அண்ணா, இன்னொன்று. அப்பாவிடம் ஆறாம் தலைமுறை டெஸ்க்டாப் இருக்கிறது. குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?

கோத்தகிரி ஜெராக்ஸ்:

என்னைக் கேட்டால் வேண்டாம். போட்டால் ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 10-லேயே பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் வீட்டுக்காரர்களுக்கும் உண்டு, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம். அப்பா பிரவுசரும் யூடியூபும் மட்டும்தான் பார்க்கிறார் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடு, தமிழிலும் டைப் செய்யலாம். டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள் இருந்தால் அது சரிப்படாது.

ஏற்கெனவே 11-க்கு மாறி மனசு ஒப்பாதவர்கள் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி போய்ப் பழையதுக்கே திரும்பலாம். அதுவரை இடம் அடைக்கிறதே என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ் ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ரேம் வாங்கக் கோயம்புத்தூர் இறங்குகிறவர்கள் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை ஸ்லாட் காலி, டெஸ்க்டாப் ரேமா லேப்டாப் ரேமா என்பது அதிலேயே இருக்கும். டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்பதை ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி வாங்கிவிட்டால் மறுபடி பஸ் ஏற வேண்டும்.