ரெசல்யூஷனுக்குப் 'புள்ளிவரிசை' போதும்

குழுமத்தாருக்கு வணக்கமுங்க.

டிவி, கணினித் திரைகளுக்குச் சொல்கிற 'ரெசல்யூஷன்' (resolution) என்ற சொல்லுக்குத் தமிழில் பிரிதிறனா, தெளிவுத்திறனா, துல்லியமா என்று ஒரு வாரமாக இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். எதை வைத்தாலும் சரி என்றுதான் நானும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். போன சனிக்கிழமை டிவி வாங்கப் போன இடத்தில் இந்த மூன்று சொல்லும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட். ஹால் சுவருக்குச் சுவர் 10 அடி. சோபா, டிவிக்குப் பின்னாலுள்ள இடம் எல்லாம் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 8 அடி மிஞ்சும். பழைய 32 இன்ச் டிவி போய்விட்டது. காங்கேயம் பக்கத்து ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார், அவரையும் கூட்டிக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி இரண்டு 43 இன்ச் டிவியைக் காட்டி, "இது ஃபுல் எச்டி, அது 4கே, ரெசல்யூஷன் ஜாஸ்திங்கம்மா" என்றார். "ரெசல்யூஷன்னா என்ன கண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

நான் உடனே 'தெளிவுத்திறன்' என்றேன். அம்மா நின்ற இடத்திலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே தெளிவாத்தான இருக்குது" என்றார். அவர் நின்றது எட்டடி தள்ளி, அங்கிருந்து எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சரி என்று 'பிரிதிறன்' என்று சொல்லிப் பார்த்தேன். "எதைப் பிரிக்குது?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் டிவி எதையும் பிரிப்பதில்லை.

அப்புறம் அவரைத் திரைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குக் கூட்டிப்போனேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபுல் எச்டி திரையில் ஒரு வெள்ளை எழுத்தை உற்றுப் பார்த்தார். வெள்ளை என்று நினைத்த இடத்தில் பொடிப்பொடியாகக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடு. ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர் இருக்கும், 4கே திரையில் அதில் பாதி. "இந்த மாதிரிப் புள்ளி ஒரு வரிசைக்கு 1920 இருக்குதும்மா, அப்படி 1080 வரிசை" என்றேன். அம்மா சட்டென்று, "அப்ப 1920 புள்ளி 1080 வரிசைன்னு சொல்லு, கோலத்துக்குச் சொல்ற மாதிரி" என்றார்.

இதைத்தாங்க நான் குழுமத்தின் முன்னால் வைக்கிறேன். '15 புள்ளி 15 வரிசை' என்று மார்கழியில் கோலம் போடுகிற எல்லாரும் சொல்கிறார்கள், கோலநோட்டில் எழுதி வைக்கிறார்கள். கிடையில் எத்தனை, நெடுக்கில் எத்தனை என்று ஒரு புள்ளித்தளத்தைச் சொல்ல நமக்கு ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. 4கே டிவிப் பெட்டியில் 3840×2160 என்று அச்சடித்திருப்பதும் அதே வழக்குதான், நடுவில் பெருக்கல் குறி மட்டும் கூடுதல். ஆக, திரைக்கும் படத்துக்கும் ரெசல்யூஷன் என்றால் 'புள்ளிவரிசை'. வாயால் சொல்லும்போது '3840 புள்ளி 2160 வரிசை'.

'திறன்' என்ற ஈறுதான் என்னை உறுத்துகிறது. பெட்டியில் போட்டிருப்பது ஓர் எண்ணிக்கை. திறன் என்று பெயர் வைத்தால் வாங்குகிறவர் அதைத் தரம் என்று எடுத்துக்கொள்வார், அதிகமானால் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார். எண்ணிக்கைக்கு எண்ணிக்கையாகவே பெயர் இருந்தால், எத்தனை, எவ்வளவு இடத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்கத் தோன்றும். பிரிதிறன் நல்ல சொல். அது கண்ணுக்கும் லென்சுக்கும் நுண்ணோக்கிக்கும் உரியது, பாடப்புத்தகத்தில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எழுத்து அட்டையில் 6/6 வாங்கும் கண் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அது கண்ணின் பிரிதிறன். டிவி புள்ளியை வைக்கும், பிரிப்பது கண்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கீழே வரும் கணக்கைத் தமிழில் எழுதவே முடியாது.

இரண்டு புள்ளிக்கு நடுவேயுள்ள தூரம் கண்ணில் அந்த 60இல் ஒரு பங்கைவிடக் குறையும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த எல்லைக்கு நமக்கு ஒரு பெயர் வேண்டும், 'புள்ளிமறைதூரம்' என்று வைக்கலாமா? மறைந்த, மறைகிற, மறையும் தூரம், வினைத்தொகை. கணக்கும் எளிது. 1080 வரிசைத் திரைக்கு அது படத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு, 2160 வரிசைக்கு 1.5 மடங்கு. 43 இன்ச் திரையில் படத்தின் உயரம் 53.5 செ.மீ. கொஞ்சம் துல்லியமாகப் போட்டால் ஃபுல் எச்டியில் புள்ளிமறைதூரம் 170 செ.மீ., அதாவது ஐந்தரை அடி. 55 இன்ச்சுக்கு ஏழடிக்குச் சற்று மேல். எங்கள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்தால் 8 அடி, ஆக இரண்டு அளவிலுமே புள்ளி ஏற்கெனவே மறைந்துவிட்டது, அதற்கு மேல் நாலு மடங்கு புள்ளி வாங்கிப் போட்டாலும் அங்கிருந்து பார்க்கிற சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. 65 இன்ச்சுக்குப் போனால் எல்லை எட்டரை அடி ஆகிறது, அங்கேதான் 4கேவின் பலன் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். அம்மா கடையில் சொன்னது இந்தக் கணக்குப்படியும் சரி.

அதே வீட்டில் என் பையன் தரையில் நாலடியில் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு 43 இன்ச் ஃபுல் எச்டியில் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும், 4கேயில் தெரியாது. மடிக்கணினியை டிவியில் மாட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான், அவர்கள் 4கே வாங்குவது நியாயம்.

அளவும் புள்ளிவரிசையும் வேறு வேறு என்பதைக் கோலம் இன்னும் நன்றாகக் காட்டுகிறது. ஊரில் சாணி தெளித்த வாசலில் அம்மா போடுகிற 15 புள்ளிக் கோலம் ஆறடிக்கு விரியும். இங்கே கதவுக்கும் எதிர்வீட்டு மிதியடிக்கும் நடுவே இரண்டடிதான், அதே 15 புள்ளியை அதற்குள் நெருக்கி வைக்கிறார். புள்ளிவரிசை மாறவில்லை, நெருக்கம் மாறிவிட்டது. ஃபுல் எச்டி 32 இன்ச்சில் ஓர் அங்குலத்துக்கு 69 புள்ளி, 43இல் 51, 55இல் 40. இதற்குப் 'புள்ளி நெருக்கம்' என்று வைத்தால் அச்சுப்பொறிக்கும் அதுவே பொருந்தும். சென்னிமலைப் போர்வையைக் கையில் பிடித்து 'நெருக்கமா இருக்குது' என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். என் மாமா ஒருவர் போன வருடம் '4கே சப்போர்ட்' என்று பெட்டியில் போட்டிருந்த டிவியை வாங்கினார், கடையின் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையில் இருப்பது 1366 புள்ளி 768 வரிசை. 4கே படம் வந்தால் வாங்கிச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். இதை ஏமாற்று என்று சொல்லக்கூட அவரிடம் வார்த்தை இல்லை, ஏனென்றால் பெட்டியில் எழுதியிருந்தது ஒரு வகையில் உண்மை. ஆகவே இரண்டு சொல்லாகப் பிரித்தே ஆக வேண்டும்: திரையில் இருப்பது 'திரைப் புள்ளிவரிசை', உள்ளே வாங்கிக்கொள்வது 'ஏற்புப் புள்ளிவரிசை'. கடையில் "திரைப் புள்ளிவரிசை எவ்வளவுங்க?" என்று ஒரே கேள்வி கேட்கத் தெரிந்திருந்தால் மாமாவின் பணம் தப்பியிருக்கும்.

குறைந்த புள்ளிப் படத்தை நிறையப் புள்ளித் திரையில் விரித்துக் காட்டுவதற்கு 'மேலளவாக்கம்' என்று முந்தின மடல் ஒன்றில் பார்த்தேன். மேல் எங்கே, அளவு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. நம்மிடம் 'இட்டுநிரப்பல்' இருக்கிறதே. கேபிளில் வரும் சாதா எஸ்டி (எச்டி அல்லாத) சேனல் அதிகபட்சம் 720 புள்ளி 576 வரிசை, பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 82,94,400. சரியாக 20 மடங்கு! அதாவது 20 புள்ளியில் ஒன்றுக்குத்தான் சேனலிலிருந்து சரக்கு வருகிறது, மீதி 19ஐ டிவியே அக்கம்பக்கம் பார்த்து இட்டு நிரப்புகிறது. நாள் முழுக்கக் கேபிள் சீரியல் ஓடுகிற வீட்டில் 4கே டிவி பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

4கே என்ற பெயரே ஒரு குழப்பம். 720, 1080 என்று சொன்னவரைக்கும் வரிசையை எண்ணினார்கள், 4கே வந்ததும் ஒரு வரிசையிலுள்ள புள்ளியை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் 3840ஐ நாலாயிரம் என்று தூக்கிச் சொல்லி. 1080க்கு அடுத்தது 4000 என்று கேட்பவர் கிட்டத்தட்ட நாலு மடங்கு உயரம் என்று நினைப்பார். உண்மையில் கிடையில் இரண்டு மடங்கு, நெடுக்கில் இரண்டு மடங்கு, மொத்தத்தில் நாலு. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வைக்கிற சொல் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

வரக்கூடிய எதிர்ப்பையும் பார்த்துவிடுகிறேன். 'புள்ளி' ஏற்கெனவே முற்றுப்புள்ளி, தசமப்புள்ளி, புள்ளியியல் என்று பல இடத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும், பிக்சலுக்குப் படப்புள்ளி என்பதை நாம் ஏற்றுக்கொண்டு வருடக்கணக்காகிறது, அதன் மேல்தான் இது நிற்கிறது. ஒலிக்கும் நேரத்துக்கும் ரெசல்யூஷன் என்று வரும் இடங்களில் புள்ளிவரிசை பொருந்தாது, உண்மைதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டுமா? அந்த இடங்களுக்குத் தனியாகப் பார்ப்போம். அமைப்புப் பட்டியலில் (செட்டிங்ஸ்) 'புள்ளிவரிசையை மாற்று' என்று எழுதிப் பார்த்தேன், ஒரு பொத்தானில் அடங்குகிறது. ஈரோட்டு நண்பர் 'படவரிசை' என்று சுருக்கலாம் என்றார். அது படங்களின் வரிசை என்று ஆகிவிடும், வேண்டாமுங்க.

டிவி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பில்டர் சுவரில் விட்டிருந்த டிவி மாடம் 4 அடி, அதாவது 122 செ.மீ. 55 இன்ச் என்பது மூலைவிட்டம், படத்தின் அகலம் மட்டுமே 121.8 செ.மீ., சட்டத்தோடு சேர்த்தால் உள்ளே போகாது. 43க்கு அகலம் 95 செ.மீ., இரு பக்கமும் கைவிட்டுத் துடைக்க இடம் இருக்கும். 43 இன்ச் ஃபுல் எச்டியே வாங்கிவிட்டோம், பையனின் பாயை ஆறடிக்குத் தள்ளிப் போட்டாயிற்று.

அன்று ராத்திரி அம்மா ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "43 இன்ச்சு அக்கா, 1920 புள்ளி 1080 வரிசை" என்று சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் பெரியம்மா கேட்டது எனக்கும் கேட்டது: "நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா?"

நேர்ப்புள்ளிதான் என்று சொல்லச் சொன்னேன்.