விண்வெளி ஒலி நாடகம்: கடைசி எபிசோடை எப்படி முடிக்க?

பாளை ஒலிப்பெட்டி (கேள்வி)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும்.

நானும் மூன்று கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் ஒரு விண்வெளி ஒலி நாடகம் செய்துகொண்டிருக்கிறோம். 11 எபிசோட் போட்டாயிற்று. 12-ஆவதோடு கதை முடிகிறது. மூன்று வாரமாக அதில்தான் சிக்கிக் கிடக்கிறேன்.

கேட்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: ‘பொருநை’ என்ற கப்பல் சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகிறது. திரும்பாது. அதில் மிஞ்சியிருப்பது பேச்சி என்ற ஒரே ஒரு என்ஜினியர். அவள் அம்மா இங்கே சேரன்மகாதேவியில். மகள் பேசுவாள், அம்மா பதில் சொல்லுவாள், நடுவில் குரல் ஒரு பக்கம் போய்ச் சேரக் காத்திருக்கும் நேரம் எபிசோடுக்கு எபிசோட் கூடும். நிலா தூரத்தில் 1.3 நொடி. செவ்வாய்ப் பக்கம் சில நிமிடம். இப்போது கிட்டத்தட்ட ஒரு நாள். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 அனுப்பும் சிக்னல் பூமிக்கு வர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே, அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஸ்டூடியோ என்பது என் அறையில் இருக்கும் மர பீரோ. அம்மாவின் சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையை உள்ளே விட்டுப் பேச வேண்டும். மின்விசிறியைப் போட முடியாது. மே மாதத்தில் நாலு எபிசோட் எடுத்தோம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். கப்பல் என்ஜின் எங்கள் வீட்டு கிரைண்டர். பதிவை வேகம் பாதியாகக் குறைத்து ஓட்டினால் சத்தம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, நிஜமாகவே ஏதோ பெரிய சாமான் ஓடுகிற மாதிரி இருக்கும். கப்பல் கதவு, குக்கர் மூடி. அம்மா வேஷத்துக்கு என் ஆச்சி. 78 வயது, ஒரே டேக்கில் முடித்துவிடுவாள்.

முடிவுக்கு நான் எழுதியது: பேச்சியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலுக்குள் மங்கி மறையும், அப்புறம் 40 நொடி முழு நிசப்தம். ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று பேர் போன் நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தன் இயர்போன் வயரைத் திருகிக்கொண்டிருந்தான். ஆச்சி கேட்டாள்: “அவ இருக்காளா, செத்துட்டாளா? அதைச் சொல்லுல முதல்ல.”

கேட்பவரை ஏமாற்றாமல் இதை எப்படி முடிப்பது?

வள்ளியூர் காத்தாடி

தம்பி, நிசப்தம் என்று நீ வைத்தது வெறும் பூஜ்யம். காது அதை நிசப்தமாக எடுத்துக்கொள்ளாது, பழுது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. பீரோவுக்குள் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து அதை அடியில் ஓடவிடு.

இன்னொன்று. ராத்திரி கரண்ட் போனால்தான் இவ்வளவு நேரம் ஃபிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது தெரியும். கப்பலுக்கு வெளியே காற்றில்லை, சத்தமும் இல்லை. உள்ளே காற்று இருக்கிறது, உன் கிரைண்டர் 11 எபிசோடாக ஓடுகிறது. அதை நிறுத்து. மற்றது தானாக நடக்கும்.

ஆச்சி குரலும் பேச்சி குரலும் ஒரே அளவில் இல்லை, அதையும் பார். ஸ்டீரியோ என்றால் மொத்தச் சத்தம் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதற்கான அளவு) பக்கம் நிற்கட்டும். ஏழாவது எபிசோடை பஸ்ஸில் கேட்டேன், ஆச்சி பேசியதில் பாதி நாங்குநேரியோடு போயிற்று.

கல்லிடை அப்பளம்

கப்பலைத் திருப்பிக் கொண்டுவாரும்வே. 11 வாரம் கேட்டிருக்கோம், ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாதா உம்மால்?

பணகுடி ஹாம்

திருப்ப வேண்டாம். ஆனால் உங்கள் முடிவில் ஒரு தப்பு இருக்கிறது, வானொலி கேட்டு வளர்ந்த எல்லாரும் செய்கிற தப்பு. திருநெல்வேலி வானொலியை மத்திய அலையில் கேட்டுக்கொண்டே காரில் தூரம் போனால் குரல் மங்கி இரைச்சல் ஏறும். பேச்சியின் கப்பல் அப்படிப் பேசாது. அது அனுப்புவது பிட்டுகள், அதாவது வெறும் 0, 1.

தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி கால்வாசி. அதற்கு ஈடாக மெதுவாக அனுப்ப வேண்டும். வாயேஜரின் டிரான்ஸ்மிட்டர் ஏறக்குறைய 23 வாட், அதாவது ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பு அளவு. அது இப்போது வழக்கமாக நொடிக்கு 160 பிட் அனுப்புகிறது. பழைய ஜிஎஸ்எம் செல்போனில் குரல் போக நொடிக்கு 13,000 பிட் வேண்டியிருந்தது. வாயேஜர் கணக்கைத்தான் எடுத்தீர்கள் என்றால், பேச்சியால் பேசவே முடியாது. மங்கிய குரல்கூடக் கிடையாது. குரல் நாலைந்து எபிசோடுக்கு முன்பே நின்றிருக்க வேண்டும், அதை மன்னித்துவிடலாம்.

ஆனால் எழுத்து போகும். கம்ப்யூட்டர் எழுத்துக்கான யூனிகோடில், வழக்கமான யூடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், 24 பிட். ‘பே’ என்று எழுதினால் ப ஒன்று, கொம்பு ஒன்று, 48 பிட். பிழை திருத்தத்துக்கு ஆகும் பிட்டை விட்டுவிட்டால் நொடிக்கு மூன்று எழுத்து தாராளமாக வரும். பெங்களூர் பக்கம் பியாலாலுவில் இஸ்ரோவின் 32 மீட்டர் ஆன்டெனா இருக்கிறது, அங்கே வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சேரன்மகாதேவிக்கு ஒரு போன்தானே.

பாளை ஒலிப்பெட்டி

பணகுடி அண்ணாச்சி, ராத்திரி இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை. எழுத்துதான் வரும் என்றால் ஒலி நாடகத்தில் அதை யாராவது வாசித்துத்தானே ஆக வேண்டும்? வாசிக்க அங்கே இருப்பது அம்மா மட்டும்.

காலையில் ஆச்சியிடம் சொன்னேன். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. சின்ன வயசில் அவள் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை அவள்தானாம். கொழும்பில் கடைவேலைக்குப் போனவர்கள் எழுதும் கடுதாசியை எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுவாளாம். “மழையில நனைஞ்சு பாதி எழுத்து அழிஞ்சு வரும். நானா ஒண்ணு சேத்து வாசிச்சிருவேன். கேக்கவளுக்குத் தெரியாது,” என்றாள். இத்தனை வருஷத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

ஆகவே பேச்சி குரல் 12-ஆம் எபிசோடில் கிடையாது. அவள் எழுதியதை அம்மா வாசிக்கிறாள், இடையில் விட்டுப்போன எழுத்துகளைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறாள். எது மகள் எழுதியது, எது அம்மா சேர்த்தது என்று நான் காட்டப்போவதில்லை. கிரைண்டரும் கிடையாது காத்தாடி அண்ணாச்சி, ஏனென்றால் நாம் கப்பலில் இல்லை, திண்ணையில் இருக்கிறோம். அம்மா வாசிப்பதற்கு முன்னால் கப்பலில் ஒரு சின்ன காட்சி மட்டும், அங்கே அதை நிறுத்துகிறேன்.

கடைசி வரியை “போகிறேன் அம்மா” என்று எழுதியிருந்தேன். ஆச்சி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். “எந்தப் பிள்ளைல இப்படி எழுதும்? போயிட்டு வாரேம்மான்னுதான் எழுதும்” என்று அவளே பேனாவை வாங்கித் திருத்தினாள். திரும்ப வராத கப்பல் ஆச்சி என்றேன். அதுக்கு இப்ப என்ன என்றாள்.

‘வாரேன்’ ஆறு குறி, 144 பிட். ஒரு நொடிகூட ஆகாது.

கல்லிடை அண்ணாச்சி, மன்னிக்கவும், பிள்ளை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் பதிவு, அதற்கு மேல் போனால் மயில் கத்த ஆரம்பித்துவிடும்.