மின்சார லோரி நெடுந்தூரச் சரக்குக்கு ஈடுகொடுக்குமா? அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் துறைமுகத்திற்கு டிரெய்லரை இழுக்கும் ஆறு பிரைம் மூவர் லோரிகளில் கொள்கலன் ஏற்றிச் செல்லும் சிறிய குடும்பத் தொழில் எங்களுடையது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தபோது குறைந்த விலையில் டீசல் நிரப்ப உதவும் மானிய அட்டை எங்களைக் காப்பாற்றியது என்றாலும், அதை நம்பியே இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது என்ற கவலை அன்றே தொடங்கிவிட்டது. ஆகவே ஒரு வண்டியை மட்டும் மின்சாரத்துக்கு மாற்றிப் பார்க்க எண்ணுகிறோம்.

ஒரு வழிப் பயணம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர். முழுச் சுமையுடன் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் என்று வைத்தால் 480 யூனிட் செலவாகும். 600 யூனிட் மின்கலம் இதற்குப் போதும். ஆனால் அதன் எடையே நான்கு டன்னைத் தாண்டுவதால் ஏற்றும் சரக்கு குறையும், வாடகையும் குறையும். 180 கிலோவாட் மின்னேற்றியில் அந்த 480 யூனிட்டைத் திரும்ப நிரப்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். துறைமுக வரிசையில் அதைவிட அதிகம் காத்திருந்த நாள்கள் உண்டு என்பதால், எனக்கு நேரம் பெரிய தடையாகத் தெரியவில்லை. இடம்தான் சிக்கல்: கார்களுக்கென அமைந்த நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நுழைய முடிவதில்லை.

கனரக மின்சார லோரி ஓட்டியவர்கள், வழியில் ஈப்போவுக்கு அருகே வரும் மெனோரா சுரங்கப் பகுதி ஏற்றத்தில் மின்கலம் எவ்வளவு இறங்குகிறது, இறக்கத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சொல்ல இயலுமா? கிடங்கிலேயே மின்னேற்றி அமைத்தவர்கள், மின் இணைப்பைக் கூட்டுவதற்கு ஆன செலவையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.