பொருள்: லெகசி டேட்டாவுக்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,
கணக்கு அலுவலகங்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நிறுவனம் புதுக் கணினிக்கு மாறிவிட்டது. ஆறேழு ஆண்டுக்கு முந்தைய கணக்கெல்லாம் பழைய காந்த நாடாவில் கிடக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும், தூக்கிப் போடவும் வழியில்லை. இப்படிப் பழைய கணினியோடு தங்கிப்போன தரவைத்தான் கையேடு 'லெகசி டேட்டா' என்கிறது. இதற்கு 'மரபுத் தரவு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த கணக்கர், "பாரம்பரிய நெல் மாதிரியா சார்?" என்கிறார்.
— க.

க. அவர்களுக்கு,
கணக்கர் கேட்டது நியாயம். மரபு என்றால் வழிவழியாக வந்து இன்றும் வழங்குவது. தொல்காப்பியத்து மரபியல் எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்று சொல்லித்தான் தொடங்குகிறது. செத்த நாடாவுக்கு அந்தச் சொல் எதற்கு? 'தொல்தரவு' போதும்.
— புலவர்

புலவர் ஐயா, தொல்தரவு என்றால் கீழடியில் தோண்டியெடுத்தது போல இருக்கிறது. எங்கள் ஆபரேட்டர்கள் 'தொல்லைத் தரவு' என்றே படிப்பார்கள் (தப்பில்லை!). இன்னொன்று, இங்கே தரவு பழசு என்பதல்ல சிக்கல், படிக்கும் கருவி போய்விட்டது என்பதுதான். எல்டிஓ என்ற காந்த நாடா வகையில் 7ஆம் தலைமுறை வரை, ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படிக்கும். 8இல் அது ஒன்றாகக் குறைந்தது. எல்டிஓ-6 நாடா புத்தம்புதுசாகவே இருக்கட்டும், எல்டிஓ-8 டிரைவில் போட்டால் படிக்காது.
— செ.

தம்பி செ., தொல்லை என்பதற்கே பழைய பொருள் பழமைதான். துன்பம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பழையதை வைத்துக்கொண்டு பாடுபட்டவன் எவனோதான் ஒட்டியிருப்பான். 'தரவு' மட்டும் என்னவாம்? கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம்...
— புலவர்

ஐயா, சுரிதகத்துக்குப் போவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.
— க.

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இதுக்கு ஒரு சொல் கிடக்குது: முதுசம். 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே (யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டம்) முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு சொத்தைப் பிரிச்சிருக்கு. பெற்றோர் வழியா வந்தது முதுசம். தானே சம்பாதிச்சது தேடியதேட்டம். பழைய கணினியிலிருந்து வந்தது 'முதுசத் தரவு', புதுசில சேர்ந்தது 'தேட்டத் தரவு'. ஒரே வீச்சில இரண்டும் முடிஞ்சுது.
— சி.

சி. அக்கா, அழகான சொல்தான். ஆனால் முதுசம் என்பது முதுசொம்தான், அதில் உள்ள 'சொம்' வடமொழி 'ஸ்வ'த்திலிருந்து வந்தது என்பார்கள். முதுமையோடு நிறுத்தி 'முதுதரவு' என்று வைத்தால் என்ன?
— ந.

மூன்று நூற்றாண்டாச் சட்டத்தில நிக்கிற சொல்லுக்கு இப்ப போய் அடையாள அட்டை கேக்கிறியள்.
— சி.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ந., 'முதுதரவு' 'முதுகெலும்பு' மாதிரியே கேட்கிறது. அது போகட்டும். நாடாவிலிருந்து புதுக் கருவிக்கு மாற்றுவதை 'இடப்பெயர்வு' என்று எழுதாதீர்கள், அகதி முகாம் நினைவுதான் வருகிறது. ஏடு செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதினார்களே, அதே வேலைதான் இது. பெயர்த்தெழுதாத ஏடு ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனது. 'பெயர்த்தெழுதல்' என்று வையுங்கள்.
— செ.

'பெயர்த்தெழுதல்' எடுத்துக்கொண்டேன், நன்றி. அதற்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை என்பதே ஆச்சரியம். மற்றதற்குத் தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன்: முதுசத் தரவு 3, தொல்தரவு 2, முதுதரவு 1, 'பழைய தரவு என்றே விட்டுவிடு' 5. 'பழைய தரவு' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.
— க.

பழைய சோறு, பழைய தரவு. சரி. நேற்று வந்த கோப்பும் நாளைக்குப் பழசுதானே, அதை என்னெண்டு சொல்லுவியள்? அடுத்த பதிப்புக்கு 'முதுசம்' என்னுடைய கோரிக்கையாக் கிடக்கட்டும்.
— சி.

தொல்லை பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.
— புலவர்