லெப்ரானுக்கு இன்னொரு ஒப்பந்தம் கொடுக்கலாமா? கோபி விஷயத்தில் சூடுபட்டவள் கேட்கிறேன்

கரூர்க்காரி எழுதியது:

போன வாரம் எங்கள் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி டொராண்டோவுடன் ஆடியதைப் பார்த்ததிலிருந்து லெப்ரான் ஜேம்ஸைப் பற்றிய இந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் கேட்டால் சண்டை வருகிறது, அதனால் இங்கே.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 டிசம்பர் 4. குழந்தை பிறந்திருந்ததால் எங்கள் அணியின் லூக்கா டான்சிச் ஆடவில்லை. ஆஸ்டின் ரீவ்ஸ் தனியாளாக 44 பாயின்ட் எடுத்தார். லெப்ரான் 17 ஷாட் போட்டதில் நாலுதான் விழுந்தது. கடைசி விநாடிகளில் ஸ்கோர் 120-120. லெப்ரான் கணக்கில் வெறும் 8. மனிதர் 2007 ஜனவரியிலிருந்து தொடர்ந்து 1,297 ஆட்டங்களில் பத்துக்குக் குறையாமல் எடுத்தவர். பந்து அவர் கைக்கு வருகிறது. போட்டு விழுந்தால் ஆட்டமும் ஜெயிக்கும், அந்தக் கணக்கும் பிழைக்கும். போடவில்லை. மூலையில் தனியாக நின்ற ரூயி ஹச்சிமுராவுக்குத் தள்ளிவிட்டார். மணி அடிக்கும்போது பந்து வலைக்குள். 123-120.

என் பையன் சோபா மேல் ஏறிக் குதித்தான். "பாத்தியாம்மா, இவரைப் போய் அனுப்பிடலாம்னு சொல்றியே!"

அந்தப் பாஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வருஷம் 5.26 கோடி டாலர் வாங்குகிறவர் அன்றைக்குச் செய்த பெரிய காரியம் ஷாட் போடாமல் விட்டதுதான் என்றால், கோடையில் என்ன செய்வது? ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. டிசம்பர் 30 வந்தால் 41 வயது.

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று சொல்கிறேன். 2009-ல் கல்யாணமாகி லாஸ் ஏஞ்சலஸ் வந்தேன். வேலைக்குப் போகிற விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது. டிவியில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: பந்து வளையத்துக்குள் போனால் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். அந்த ஜூனில் லேக்கர்ஸ் ஆர்லாண்டோவை ஜெயித்துக் கோப்பை எடுத்தார்கள். அடுத்த வருஷம் பாஸ்டனை ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்து இன்னொன்று. வந்ததும் வராததுமாக இரண்டு கோப்பை பார்த்தவளுக்கு, இந்த ஊரில் வருஷா வருஷம் இப்படித்தான் போல என்று நினைப்பு.

2013 ஏப்ரல் 12-ல் கோல்டன் ஸ்டேட்டுடன் ஆடும்போது எங்கள் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் காலோடு வந்து நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் ஷாட்) போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். நான் தோசைக் கரண்டியோடு நின்று அழுதேன். கல்லில் கிடந்தது கரிந்தே போனது. அதே வருஷம் நவம்பர் 25-ல், அவர் திரும்பி வந்து ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால், இரண்டு வருஷத்துக்கு 4.85 கோடி டாலர் என்று கையெழுத்தாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

டிசம்பர் 8-ல் திரும்பினார். ஆறே ஆட்டம். மெம்ஃபிஸில் முழங்கால் எலும்பில் விரிசல் விட்டது. அந்த சீசனில் அணிக்கு 27 வெற்றி, அடுத்ததில் 21, அதற்கடுத்ததில் 17. லேக்கர்ஸ் வரலாற்றிலேயே அதைவிட மோசமான சீசன் கிடையாது. லீக்கிலேயே அதிகச் சம்பளக்காரர் நம்மிடம்தான் இருந்தார், அவர் பக்கத்தில் நின்று ஆட ஆள் இல்லை.

கடைசி சீசனில் ஒரு நாள் நேரில் போனோம். பார்க்கிங்குக்கு 30 டாலர், மேல்தட்டில் கடைசிக்கு முந்தைய வரிசை. கோபி போட்ட ஒரு ஷாட் வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அடுத்ததும் விழவில்லை, மறுபடி கைதட்டல். கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிந்த பிறகு தாத்தாவைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்களே, அந்த மாதிரி இருந்தது. அந்த வருஷம் அவர் போட்ட நூற்றில் முப்பத்தாறுகூட விழவில்லை. கடைசி ஆட்டத்தில் 50 ஷாட் போட்டு 60 பாயின்ட் எடுத்தார், ஊரே அதைத்தான் பேசுகிறது. அந்த வருஷம் அவர் ஆடிய மற்ற 65 ஆட்டங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லெப்ரான் அந்த நிலைமையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். போன சீசனில் 70 ஆட்டம் ஆடினார், சராசரி 24.4 பாயின்ட், 8.2 அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போட உதவும் பாஸ்). ஆனால் இந்த சீசன் தொடக்கத்தில் இடுப்பு நரம்பு வலியால் 14 ஆட்டம் வரவில்லை, அணி அதில் பத்தை ஜெயித்தது. டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். நடுக்கோட்டில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நிற்கிறார், மற்ற நாலு பேர் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

சான் அன்டோனியோ அணியின் டிம் டங்கன் 2012-ல் வருஷம் 2.1 கோடியிலிருந்து இறங்கி, மூன்று வருஷத்துக்கு 3 கோடி என்று கையெழுத்துப் போட்டார். மிச்சமான பணத்தை வைத்துக் கட்டிய சான் அன்டோனியோ 2014-ல் கோப்பை எடுத்தது. இறுதியில் யாரை ஜெயித்தார்கள்? லெப்ரான் இருந்த மயாமியை. ஆக விலை என்னவென்று லெப்ரானுக்குத் தெரியாமல் இல்லை.

என் கணக்கு: ஒரு வருஷம், பாதிச் சம்பளம். சரி என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பலாம். நான் அநியாயமாகப் பேசுகிறேனா?

கணக்கர் எழுதியது:

அக்கா, கேசரியை ஒரு ஓரமாக வையுங்கள், கணக்கைப் பார்ப்போம்.

முதலில் கோபி. 2014 கோடையில் லேக்கர்ஸிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. கார்மெலோ ஆந்தனியைக் கூப்பிட்டார்கள், அவர் நியூயார்க்கிலேயே இருந்துவிட்டார். ஆள் வராததற்கு கோபியின் சம்பளம் மட்டும்தான் காரணம் என்பது சுலபமான கதை. இன்னொன்று: நீங்கள் அழுத அந்த 17 வெற்றி சீசன் இல்லாவிட்டால் டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுப்பது, தோற்ற அணிகளுக்கு முன்னிடம்) இரண்டாவது ஆளாக பிராண்டன் இங்கிரம் கிடைத்திருக்க மாட்டார். இங்கிரமையும் இன்னும் சிலரையும் கொடுத்துத்தான் 2019-ல் ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். டேவிஸ் வந்து 2020-ல் கோப்பை. 2025 பிப்ரவரியில் அதே டேவிஸைக் கொடுத்து லூக்கா. உங்கள் கேசரியின் இனிப்பு பத்து வருஷம் தாமதமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது லெப்ரான். "சொந்த ஆட்டக்காரர், லாரி பேர்ட் விதிப்படி சம்பள உச்சவரம்பை (ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த வரம்பு) தாண்டியும் கொடுக்கலாம், அவரை விட்டாலும் அந்தப் பணம் வேறு யாருக்கும் கொடுக்கக் கிடைக்காது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பெரும்பாலான வருஷங்களில் அது சரி. வருகிற கோடையில் மட்டும் சரியில்லை. லெப்ரான், ஹச்சிமுரா, கேப் வின்சென்ட், மாக்ஸி க்ளீபர் எல்லார் ஒப்பந்தமும் ஒன்றாக முடிகிறது. லூக்காவுக்கு ஏறக்குறைய 5 கோடி. ரீவ்ஸ் இப்போது 1.39 கோடிதான் வாங்குகிறார், புது ஒப்பந்தம் போடும்வரை அவர் பெயரில் சின்னத் தொகைதான் கணக்கில் நிற்கும். உச்சவரம்பு இந்த வருஷம் 15.46 கோடி, அடுத்த வருஷம் ஏறும். அதாவது லெப்ரானை விட்டால் நிஜமாகவே ஒரு பெரிய ஆளை வாங்க இடம் கிடைக்கும். விடாமல் பேசிக்கொண்டே இருந்தால் அவர் பெயரில் மட்டும் 5.5 கோடிக்கு மேல் கணக்கில் உட்கார்ந்திருக்கும், கையெழுத்து ஆகாவிட்டாலும்.

அதனால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைவிட அவர் எப்போது பதில் சொல்வார் என்பதுதான் முக்கியம். ஜூலை முதல் வாரத்துக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிட்டால் பாதிச் சம்பளம் நியாயமான பேச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு மாதம் இழுத்தால், வாங்க நினைத்த ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

தலைவர்23 எழுதியது:

நாலு சாம்பியன்ஷிப், லீக்கில் யாரும் தொடாத பாயின்ட், அவருக்குப் பாதிச் சம்பளமா? உங்க ஆபீஸ்ல சீனியருக்கு அப்படித்தான் கொடுப்பாங்களா?

கரூர்க்காரி எழுதியது:

என் ஆபீஸில் சீனியருக்குப் பாதிகூடக் கிடைப்பதில்லை தம்பி, பை பை என்று ஒரு கேக்தான்.

கணக்கர், இங்கிரம் கதையை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு வருஷமாக என்னைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

நான் மயாமியில் இருக்கிறேன். "நன்றி சொல்லி அனுப்பலாம்" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். நாங்கள் அனுப்பிப் பார்த்தவர்கள்.

2016. எங்கள் மயாமி அணியின் டுவைன் வேடுக்கு 34 வயது. பதின்மூன்று சீசன், மூன்று கோப்பை. 2010-ல் லெப்ரானும் கிறிஸ் பாஷும் வருவதற்காகத் தன் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தவர். அந்தக் கோடையில் நிர்வாகம் முதலில் ஹசன் வைட்சைடுக்கு நாலு வருஷம் 9.8 கோடி என்று எழுதிக்கொடுத்தது. வேட் காத்திருந்தார். பிறகு சிகாகோவோடு இரண்டு வருஷம் 4.7 கோடிக்குப் போய்விட்டார். அவர் போன சில நாளில், டைலர் ஜான்சன் என்ற இளைஞருக்கு புரூக்ளின் நீட்டிய 5 கோடியை ஈடுகட்டி அவரை வைத்துக்கொண்டார்கள். நிறையப் பெஞ்சிலிருந்து வந்து ஆடிய பையன். 5 கோடி! வேடுக்கு இல்லாத பணம்!

கணக்குப்படி எல்லாம் சரிதான். வேடுக்கு வயசாகிவிட்டது, வைட்சைடுக்கு 27. ஆனால் அந்த சீசனில் முதல் 41 ஆட்டத்தில் 11 வெற்றி, அடுத்த 41-ல் 30, கூட்டினால் சரிபாதி, கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப் வாசலில் நின்றுவிட்டோம். 2019-ல் வைட்சைடை போர்ட்லாண்டுக்குத் தள்ளினார்கள். வேட் 2018 பிப்ரவரியிலேயே திரும்பி வந்தார். கடைசி சீசனை மூத்த ஆட்டக்காரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடினார். 2024-ல் அரங்கத்து வாசலில் சிலை வைத்தார்கள். முகம் யாருடையது என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது, அது வேறு விஷயம்.

நான் சொல்ல வருவது இதுதான். அதே வேட், அதே சின்னச் சம்பளம், 2016-ல் ஒழுங்காக உட்காரவைத்துப் பேசியிருந்தால் பாதியாவது ஒத்துக்கொண்டிருப்பார். எங்களுக்குக் குறைத்துப் பேசத் தெரிந்தது, கேட்கிற முறை தெரியவில்லை. இன்னொருத்தனுக்கு அள்ளிக் கொடுத்த பிறகு வந்து மிச்சத்தை நீட்டினால் எந்தப் பெரிய மனிதனும் கை நீட்ட மாட்டான். லூக்காவோடு புது ஒப்பந்தம் 2025 ஆகஸ்டிலேயே கையெழுத்தாகிவிட்டது, அதில் லெப்ரானுக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. ரீவ்ஸுக்கு எழுதுவதற்கு முன்னால் லெப்ரானைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

நீலத்தொப்பி எழுதியது:

யாரும் புது முதலாளியைப் பற்றிப் பேசவில்லையே. 2025 அக்டோபர் கடைசியில் லேக்கர்ஸின் பெரும்பங்கு மார்க் வால்டர் கைக்குப் போய்விட்டது. அவர்தான் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியையும் நடத்துபவர். வயசான நட்சத்திரத்தை அங்கே எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் போதும்.

பந்து எறிபவர் கிளேட்டன் கெர்ஷா. பதினெட்டு சீசனும் ஒரே அணி. தோள், முழங்கால், கால்விரல் என்று எல்லாம் கத்தி வைத்தாயிற்று. கடைசிக் காலத்தில் வருஷா வருஷம் உட்கார்ந்து பேசிப் புது ஒப்பந்தம். 2025-க்கு அடிப்படைச் சம்பளம் 75 லட்சம் டாலர்தான், ஆட ஆட மேலே கொஞ்சம். அதற்கு 11 வெற்றி, 2 தோல்வி என்று எறிந்து காட்டினார். பேஸ்பால் இறுதியான உலகத் தொடரில் மூன்றாவது ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் போனது ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டாவதில் மூன்று பேஸிலும் ஆள், கெர்ஷாவைக் கூப்பிட்டார்கள். எட்டுப் பந்து, ஒரு அவுட். அந்தத் தொடர் முழுக்க அவர் செய்தது அவ்வளவுதான். அந்த ஒரு அவுட் விழாவிட்டால் அந்த ஆட்டம் கையைவிட்டுப் போயிருக்கும்.

லெப்ரானையும் அப்படி வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நாலு ஆட்டம் ஓடச் சொல்லாமல், பிளேஆஃப் தொடங்கும் ஏப்ரலில் பந்து மூலைக்குப் போகவேண்டிய நேரத்தில் அவர் களத்தில் இருந்தால் போதும். ஒரே ஒரு சிக்கல்: கெர்ஷாவுக்குத் தான் மூன்றாவது ஆள், நாலாவது ஆள் என்பது பழகிப்போயிருந்தது. லெப்ரானுக்குப் பழகுமா என்பது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, டொராண்டோ ஆட்டம் வரைக்கும்.

கரூர்க்காரி எழுதியது:

நீலத்தொப்பி, உங்கள் கடைசி வரியைப் பையன் படித்துவிட்டான். இன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்குக் கஷ்டம்தான்.

உப்புக்காற்று சொன்ன முறையும் நியாயம். ரீவ்ஸுக்கு முன்னால் இவரிடம் பேசட்டும், கணக்கர் சொன்ன மாதிரி ஜூலை முதல் வாரம் கெடு வைக்கட்டும். பாதிச் சம்பளம் என்பதிலிருந்து நான் இறங்கமாட்டேன். வேண்டுமானால் பாதிக்கு மேலே ஒரு கால்வாசி, அதுவும் பையன் முகத்துக்காக.

ஏப்ரலில் உள்ளூரில் நடக்கப்போகும் ஒரு ஆட்டத்துக்கு நேற்று மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன், ஒருவேளை இதுதான் கடைசி வருஷம் என்றால் என்று. அதே மேல்தட்டுதான். பார்க்கிங் இப்போது 30 டாலர் இல்லை.