60,000 ரூபாய் கேமிங் பிசி: இந்தக் கொட்டேஷனில் எதை மாற்றலாம்?

கோவை_கேமர்:
வணக்கம் நண்பர்களே. மானிட்டர் (1080பி, 144 ஹெர்ட்ஸ்), கீபோர்டு, மவுஸ் எல்லாம் கையில் இருக்கு. கேபினெட்டுக்குள்ள போறதை மட்டும் 60,000க்குள் முடிக்கணும். விளையாடுறது பெரும்பாலும் வாலரன்ட், ஜிடிஏ 5. நேரம் கிடைச்சா சைபர்பங்க் மாதிரி கனமான கேம். கடையில் எழுதிக் கொடுத்தது இது:

ரைசன் 5 5600ஜி சிபியு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட், அதோடவே வர்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை).

எதை மாத்தச் சொல்லிக் கேட்கலாம்? நானே அசெம்பிள் பண்ணப் போறேன், எங்கே சொதப்பும்னும் சொல்லுங்க.

சிலிக்கான்_சித்தன்:
முதலில் 5600ஜியைத் தூக்குங்கள். அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, ஆனால் தனி கார்டு போட்டபின் அது சும்மாதான் கிடக்கும். அதற்காக எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 16 எம்பியாகக் குறைந்துவிட்டது. ஜி இல்லாத 5600இல் 32 எம்பி. வாலரன்ட் போல ஃபிரேம் எண்ணிக்கையை சிபியு தீர்மானிக்கிற கேம்களில் இந்த வித்தியாசம் நேராகத் தெரியும். கார்டை ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவேன் என்றால் மட்டும் 5600ஜி நியாயம்.

அடுத்து கார்டு. 3050இல் 8 ஜிபி, 6 ஜிபி இரண்டும் ஒரே சரக்கு என்று நினைக்க வேண்டாம். 6 ஜிபியில் கோர்களும் குறைவு (2560க்குப் பதில் 2304), மெமரி பஸ்ஸும் (கார்டின் மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 128 பிட்டிலிருந்து 96 பிட். அதன் ஒரே பெருமை 70 வாட்டில் ஓடுவது. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது வரம், புதிதாகக் கட்டும் மெஷினுக்கு வீண். ஸ்டாக் இருந்தால் ஆர்எக்ஸ் 6600, கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஆர்எக்ஸ் 7600 கேளுங்கள். மொத்தப் பணத்தில் நாற்பது சதவீதம் கார்டுக்குப் போகட்டும்.

ரேம் ஒரே ஸ்டிக்காக வேண்டாம். டிடிஆர்4 3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2. எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டென்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைப்பது) ஆன் செய்யாவிட்டால் 2133 அல்லது 2666இலேயே நிற்கும். சிபியு-இசட் என்ற சாப்ட்வேரில் 1600 என்று காட்டினால் பதறாதீர்கள், அது பாதிக் கணக்கு; டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும். 3200 சரியாகத்தான் ஓடுகிறது.

வாட்_கணக்கு:
எல்லாரும் கார்டையே பாக்குறீங்க, அந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான் எனக்கு உறுத்துது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் வரியைப் படிங்க. 20 ஆம்பியர்னு போட்டிருந்தா 12 x 20 = 240 வாட், அவ்வளவுதான் அதோட நிஜமான தெம்பு. 6600 கார்டு 132 வாட், சிபியு 80 பக்கம், ஃபேன், எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் சேர்த்தா 270ஐத் தொடும். டெஸ்க்டாப்ல நல்லாத்தான் ஓடும். கேம் லோடாகி கார்டு முழு வேகம் எடுக்கிற நொடியில பொசுக்குன்னு ரீஸ்டார்ட் ஆகும். நீங்க டிரைவரை மாத்தி மாத்திப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பீங்க.

12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், கார்டுக்கு 6+2 பின் கேபிள் இருக்கறதா தனியா வாங்குங்க. பழைய நாலு பின் மோலெக்ஸ் பிளக்லேர்ந்து கன்வர்ட்டர் போட்டு சமாளிக்கலாம்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. 80 பிளஸ்ங்கறது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுங்கறதுக்கான சான்று மட்டும்தான், தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. வாரண்டி 5 வருஷம் இருக்கான்னு பாருங்க.

கோவை_கேமர்:
நன்றி அண்ணா. இப்படி மாத்தினா பட்ஜெட் தாண்டுதே, எதைக் குறைக்கிறது? பி450க்குப் பதில் பி550 வேணுமா? இன்டெல் ஆர்க் பி580 எப்படி?

பயாஸ்_பைத்தியம்:
பி450 போதும் தம்பி. கார்டை போர்டோடு இணைக்கும் பாதை அதில் பழைய பிசிஐஇ 3.0 என்று பயமுறுத்துவார்கள். 6600 எட்டு லேன் (டேட்டா போகும் தடம்) கார்டு, அதன் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியாதவரை இழப்பு சொற்பம். நாலு லேன் மட்டும் உள்ள 6500 எக்ஸ்டிதான் 3.0 போர்டில் படுத்துவிடும். ஒரே எச்சரிக்கை: 5600 வந்தது 2022 ஏப்ரலில். அதற்கு முந்தைய பயாஸோடு கிடக்கும் பழைய ஸ்டாக் பி450 திரையே காட்டாமல் போகலாம். பில் போடும் முன் கடையிலேயே அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

பி580 வேகமான கார்டுதான், 12 ஜிபி வேறு. ஆனால் அதன் டிரைவர் சிபியுவை அதிகம் வேலை வாங்கும், 5600 அளவு சிபியுவோடு பல கேம்களில் சறுக்குகிறது. இந்த பில்டுக்கு வேண்டாம்.

குறைக்க வேண்டியது ஆர்ஜிபியை. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட்டை விட வலை முகப்பும் இரண்டு சாதா ஃபேனும் போதும். ரேமில் கை வைக்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ஏறிய விலையில் பிறகு சேர்ப்பது நட்டம். எஸ்எஸ்டி 500 ஜிபியே இருக்கட்டும், ஆனால் வெறும் "எம்.2" என்று பில்லில் எழுத விடாதீர்கள். சாட்டா எம்.2 நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், அதைவிட வேகமான என்விஎம்இ வகை என்று எழுதி வாங்குங்கள்.

வாலரன்ட் ஆடுகிறவர் கவனிக்க வேண்டியது: விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சாப்ட்வேரை மட்டும் பூட் செய்யவிடும் செட்டிங்) இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் வான் 9001 என்ற எரரோடு நிற்கும். விண்டோஸ் போடும் முன்பே பயாஸில் எஃப்டிபிஎம் (சிபியுவோடு வரும் டிபிஎம்) ஆன், சிஎஸ்எம் (பழைய முறை பூட்) ஆஃப். ரீசைசபிள் பாருக்கும் (சிபியு கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி) சிஎஸ்எம் ஆஃப்தான் தேவை, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். டிஸ்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸ் ஏறியிருந்தால் முதலில் டிஸ்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் செக்யூர் பூட்.

சிலிக்கான்_சித்தன்:
அசெம்பிளி பற்றி ஒன்று. 5600 பெட்டியில் வரும் கூலர் நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவில் நிற்கும். சாக்கெட்டின் இரு பக்கமும் உள்ள கருப்பு பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளைக் கழற்றினால்தான் அது உட்காரும். கழற்றும்போது போர்டுக்குப் பின்னாலுள்ள உலோகத் தகடு நழுவி விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டில்தான் கூலர் ஸ்க்ரூ ஏறும். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று வீதம் முறுக்குங்கள். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் கூலரின் அடியிலேயே பூசி வரும், மேலே வேறு தடவ வேண்டாம்.

பிறகு என்றாவது கூலரைக் கழற்ற நேர்ந்தால் பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு, மெஷினை அணைத்து, சூடு ஆறுவதற்குள் லேசாக இடவலமாகத் திருகி எடுங்கள். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் சிபியுவில்தான் இருக்கின்றன. நேராகப் பிடுங்கினால் லீவர் பூட்டியிருந்தாலும் சிபியு கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

எச்டிஎம்ஐ கேபிளை போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள். 5600இல் போர்டு போர்ட் வேலை செய்யாது.