காவிரி டெல்டாவும் காலநிலை மாற்றமும்: ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

யஷ்வந்த்பூர் மாணவி:
வணக்கம். பெங்களூரில் நீரியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்பதால் காவிரி டெல்டாவையே எடுத்துக்கொண்டேன். உலகக் காலநிலை மாதிரிகள் தரும் மழைக் கணிப்பைக் காவிரி வடிநிலத்தின் அளவுக்கு நுணுக்கி, 2050இல் டெல்டாவுக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடுவது என் திட்டம். முன்மொழிவைக் கேட்ட பேராசிரியர் ஒருவர், "குடகில் பெய்யும் மழை கல்லணைக்கு வந்து சேரும்வரை யார் கையில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என் திட்டத்தின் மேல் எனக்கே ஐயம் வந்துவிட்டது.

ஜெயநகர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், அம்மா. வழியில் கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் அணைகளும், துணையாற்றில் கபினி அணையும் நிற்கின்றன. மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கும் நிற்கிறது. மேட்டூரைத் திறப்பதற்கு ஜூன் 12 என்பது வழக்கமான நாள். ஆனால் 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணை நீரை நம்பி நடும் குறுவை நெல் பிழைப்பதும் பிழைக்காததும் இந்த இரண்டு மாத இடைவெளியில்தான் இருக்கிறது. மழை குறைந்ததா கூடியதா என்பதை மட்டும் பார்க்கும் மாதிரி இதைக் காட்டாது. ஆகவே, அணைகளை இயக்கும் விதிகளையும் பங்கீட்டையும் மாதிரிக்குள் எழுதிவிட்டு, அதன்பிறகு மழையை மாற்றிப் பாருங்கள். நாம் இங்கே குழாயைத் திறந்தால் வருவதும் அதே காவிரி என்பதால், பெங்களூரின் குடிநீர்த் தேவை கூடுவதையும் விட்டுவிடக் கூடாது.

வைட்ஃபீல்டிலிருந்து ஒரு கடைமடைக்காரன்:
ஐயா சொல்வது குறுவைக்கு முழுக்கப் பொருந்தும். அதற்குப் பின் வரும் சம்பா நெல்லுக்குப் பாதிதான் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை டெல்டாவின் தலையிலேயே பெய்கிறது. அங்கே அணையின் பிடி கிடையாது. எங்கள் பக்கம் நவம்பரில் பயிரை அழுகவைப்பது தண்ணீர்ப் பஞ்சம் அன்று, வடியாத தண்ணீர். நிலம் ஏறக்குறையச் சமதளமாக இருப்பதாலும், ஆற்று முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்வதாலும், கடல் சற்று உயர்ந்தாலே வடிகால் வடியும் நேரம் சுருங்கிவிடும். கோடையிலோ அதே வாய்க்கால் வழியாக உப்புநீர் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசிப் பகுதியில், சட்ரஸ் எனப்படும் அடைப்புக் கதவுகளை வைத்திருக்கிறார்கள். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததாகச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அது மட்டும் அன்று. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலம் தாழ்ந்தால், அதையும் இதனுடன் கூட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். விண்வெளியிலிருந்து ரேடார் மூலம் அளந்த எஸ்.ஆர்.டி.எம். நில உயரத் தரவை வைத்து, எந்தெந்த ஊர் மூழ்கும் என்று வண்ணப்படம் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள பிழையே பல மீட்டர் வரை போகும். கடலோரத்தில் எங்கள் வயல்களின் உயரமே அவ்வளவுதான்.

ஜெயநகர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
ஏற்றுக்கொள்கிறேன். இருவருமே விட்டது வண்டல். டெல்டாவைக் கட்டியதே வண்டல்தான். 1934 முதல் மேட்டூர் அதில் பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மிஞ்சிய மணலையும் கொள்ளிடத்திலிருந்து அள்ளிவிட்டோம். கடற்கரை பின்வாங்கினால், அதில் கடலின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு ஓர் அத்தியாயமே வேண்டும். முசிறியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. முதலில் அந்தத் தரவைக் கேட்டு வாங்குங்கள்.

யஷ்வந்த்பூர் மாணவி:
இருவருக்கும் நன்றி. முழு டெல்டாவையும் எடுப்பதை விட்டுவிட்டு, காவிரியின் கிளையான வெண்ணாற்றின் கடைமடையில் வடிகால் வடியும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சட்ரஸ்களை எந்த நாளில் திறந்தார்கள், எந்த நாளில் மூடினார்கள் என்ற பதிவேட்டைப் பிரிவு அலுவலகங்களில் எத்தனை ஆண்டுகளுக்கு வைத்திருப்பார்கள், ஐயா?